சேத்தியாத்தோப்பு முறை

விக்கிரவாண்டியிலிருந்து கும்பகோணம் செல்லும் பெருவழியில், வெள்ளாற்றை ஒட்டி அமைந்திருக்கும் சேத்தியாத்தோப்பு, அவ்வழியே போகிற பிரயாணிகளில் பெரும்பாலோருக்கு, பேருந்து சற்று நேரம் நின்று, வேர்க்கடலையும் வெள்ளரிப்பிஞ்சும் விற்பவர்கள் ஏறி இறங்கிய பிறகு புறப்படுகிற ஓர் ஊர் என்ற அளவிலேயே பரிச்சயமாகியிருக்கிறது. ஒரு பக்கம் விருத்தாசலம் பீங்கானாலும், மற்றொரு பக்கம் சிதம்பரம் நடராஜப் பெருமானாலும், இன்னொரு பக்கம் நெய்வேலி பழுப்பு நிலக்கரியாலும் கீர்த்தி பெற்றுவிட்டபடியால், நடுவில் அகப்பட்டுக்கொண்ட எங்கள் பாகத்துக்கு ஓர் அணைக்கட்டும் ஒரு கூட்டுறவுச் சர்க்கரை ஆலையுமே மிஞ்சின. ஆயினும், காக்டெயில் என்று மேல்நாட்டார் வழங்கும் கலவைப் பானத்தின் பூர்வோத்தரங்களை ஆராயப் புகுந்தவர் எவரும், அந்தப் பானத்துக்கு உலகத்திலேயே மிகவும் உரிமை கொண்டாடத் தக்க ஊர் இதுதான் என்ற முடிவுக்கு வராமல் இருக்க முடியாது என்பது என் திடமான அபிப்பிராயம்.

1806-ஆம் ஆண்டு மே மாதத்தில், நியூயார்க் மாகாணத்து ஹட்சன் என்னும் ஊரிலிருந்து வெளிவந்த ஒரு பத்திரிகைக்கு, காக்டெயில் என்றால் என்னவென்று வாசகர் ஒருவர் எழுதிக் கேட்டார். சாராயம் எதுவாயினும் சரி, அதனோடு சர்க்கரையும் தண்ணீரும் கசப்பு மருந்தும் சேர்ந்தால் அதுவே காக்டெயில் என்று விடையிறுத்த ஆசிரியர், அத்துடன் நில்லாமல், தமக்குப் பிடிக்காத கட்சியின் வேட்பாளர்களுக்கு இது மிகவும் உபகாரமானதென்றும், இதில் ஒரு கோப்பையை விழுங்கியவன் வேறு எதையும் விழுங்கச் சித்தமாகிவிடுவான் என்றும் ஒரு குறிப்பைச் சேர்த்துவைத்தார். அந்த மகானுபாவர் எங்கள் தொகுதிப் பக்கம் தேர்தல் சமயத்தில் ஒரு தடவையேனும் வந்துபோயிருப்பாரோ என்ற சந்தேகம் எனக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை.

அவர் கூறிய நான்கில் சர்க்கரைக்கு ஆலை இருக்கிறது. தண்ணீரோ வீராணத்துத் தண்ணீர். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், அதாவது பத்தாம் நூற்றாண்டில் உண்டான அந்த ஏரியின் நீர், 2004-ஆம் ஆண்டு முதல் பெருங்குழாய்களில் ஏறி, இருநூறு கிலோமீட்டருக்கு மேல் பிரயாணம் செய்து சென்னையை அடைகிறபடியால், தலைநகரத்துச் சீமான்கள் எவ்வளவு உயர்ந்த சீமைச் சரக்கை வாங்கினாலும், அதில் கலக்கிற தண்ணீருக்கு எங்களிடம் கடன்பட்டவர்களே. சாராயத்தின் விஷயம் இதைவிட ரசமானது. கரும்பைப் பிழிந்து சர்க்கரை எடுத்தது போக மிஞ்சுகிற கரிய பாகு, மொலாசஸ் என்ற பெயருடன் வடிசாலைகளுக்குச் செல்கிறது. நம் நாட்டில் மலிவாக விற்கிற விஸ்கி, பிராந்தி, ரம் ஆகிய பலவற்றுக்கும் ஆதாரமாக இருப்பது அதிலிருந்து வடித்த எரிசாராயமே. நிறமும் வாசனையும் சேர்ந்த பிறகுதான் எது விஸ்கி, எது பிராந்தி என்பது அதற்கே நிச்சயமாகிறது. தானியத்தில் வடித்ததைத் தவிர மற்றதை விஸ்கி என்று விற்கலாகாது என்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டமாகையால், இந்தப் பானங்கள் அங்கே சொந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டு நுழைய முடியாது. அது கிடக்கட்டும். அரவைக் காலத்தில் கரும்பு டிராக்டருக்குப் பின்னால் நெடுநேரம் ஊர்ந்துபோக நேர்ந்து, ஒலிப்பானை அழுத்தி அழுத்திச் சினங்கொள்ளும் அன்பர்கள், மாலையில் தாம் அருந்தப்போகிற விஸ்கிதான் முன்னே ஆடி அசைந்து போய்க்கொண்டிருக்கிறது என்பதை ஒருகணம் எண்ணிப் பார்த்தார்களானால், இவ்வளவு ஆத்திரப்பட மாட்டார்கள்.

இத்தனை இருந்தும் என் பரிசோதனைக்கு ஆதாரமாக அமைந்தது உள்ளூர்ச் சரக்கன்று. அமெரிக்காவில் உத்தியோகம் பார்க்கும் என் தமக்கை மகன், விடுமுறையில் வந்தபோது, சுங்கத்தார் அனுமதிக்கிற இரண்டு லிட்டர் வரம்புக்குள் அடங்கும்படி போர்பன் விஸ்கிப் புட்டி ஒன்றைக் கொண்டுவந்து, “மாமா, இதப் போயி வாட்டர் பாக்கெட் ஊத்திக் குடிச்சிடாதீங்க” என்ற உபதேசத்துடன் என் கையில் ஒப்படைத்தான். நூற்றுக்கு ஐம்பத்தொரு பங்குக்குக் குறையாத மக்காச்சோளத்தில் வடித்து, உட்புறம் தீயில் கருக்கிய புத்தம்புது ஓக் மரப் பீப்பாயில் வைத்திருந்தாலன்றி அதைப் போர்பன் என்று அழைக்கலாகாது என்பது அந்நாட்டின் விதி. எங்களுக்கு மேற்கே பெரம்பலூர்ச் சீமையில் மக்காச்சோளம் கண்ணுக்கெட்டிய தூரம் விளைகிறது. நாமோ அதை நாமக்கல்லுக்கு அனுப்பி, கோழிக்கு இட்டு, முட்டையாக்கி, அந்த முட்டையை அவித்து, இரண்டாகப் பிளந்து, மிளகுத்தூள் தூவி, மதுக்கடையை அடுத்த பாரில் கொண்டுபோய் வைக்கிறோம். அமெரிக்கர்கள் நேர்வழியில் சென்றடைகிற இடத்துக்கே நாம் சற்றுச் சுற்றிப் போய்ச் சேருகிறோம் என்பதைத் தவிர வேறு வித்தியாசம் இல்லை.

அவன் எனக்குக் கற்பித்த பானம் ஓல்டு ஃபேஷன்டு. ஒரு சர்க்கரைக் கட்டி, அதன்மேல் கசப்பு மருந்தில் இரண்டு மூன்று துளி, கரைவதற்கு ஒரு கரண்டித் தண்ணீர், அறுபது மில்லி விஸ்கி, பெரிய ஐஸ் கட்டி ஒன்று, வாசனைக்கு ஆரஞ்சுத் தோல் ஒரு சீவல். ஹட்சன் பத்திரிகாசிரியரின் இலக்கணத்திலிருந்து, தோலும் ஐஸும் நீங்கலாக, அணுவளவும் பிசகாத லட்சியம் இது. ஜெர்ரி தாமஸ் என்பவர் 1862-ல் அமெரிக்காவின் முதலாவது கலவைப் பான நூலை வெளியிட்ட காலத்துக்குப் பிறகு, இளந்தலைமுறைப் பரிசாரகர்கள் இந்த எளிய பானத்தில் நானாவித மதுரசங்களையும் ஊற்றி அலங்காரம் செய்யத் தொடங்கவே, மனம் நொந்த பெரியவர்கள் பழைய முறையில் கொடு என்று கேட்டுக் கேட்டுப் பெயர் நிலைத்தது. லூயிவில் நகரத்துப் பெண்டெனிஸ் மன்றம் இது தன்னுடைய சிருஷ்டி என்று உரிமை பாராட்டுகிறது. அந்த மன்றம் பிறந்ததோ 1881-ல். சிகாகோப் பத்திரிகையிலோ அதற்கு முந்திய ஆண்டிலேயே இந்தப் பானம் பெயரோடு பிரஸ்தாபிக்கப்பட்டாயிற்று. ஸ்தல புராணங்களில் தேர்ச்சியுள்ள நமக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

நான்காவது திரவியமாகிய கசப்பில்தான் விஷயம் சிக்கிக்கொண்டது. இந்தப் பானத்துக்குச் சம்பிரதாயமாகச் சேர்க்கப்படுவது அங்கஸ்டூரா என்னும் மருந்து. சைமன் பொலிவாருடைய சேனையில் வைத்தியராக இருந்த சீகர்ட் என்ற ஜெர்மானியர், வெனிசுவேலாவில் அந்தப் பெயர் கொண்ட ஆற்றங்கரைப் பட்டணத்தில், போர்வீரர்களின் வயிற்றுக் கோளாறுகளுக்காக 1824-ல் கண்டுபிடித்தது. பின்னர் அவர் குடும்பத்தார் டிரினிடாட் தீவுக்குக் குடிபெயர்ந்துவிட, அது இன்றளவும் அங்கேதான் தயாராகிறது. அண்ணன் சட்டையை மாட்டிக்கொண்ட தம்பியைப் போல, புட்டியைவிடப் பெரிய காகிதத்தைச் சுற்றிக்கொண்டு நிற்பது அதன் அடையாளம். அதில் என்னென்ன சரக்குச் சேருகிறது என்பது பரம ரகசியம். சேத்தியாத்தோப்பு மருந்துக் கடையில் நான் இந்த வரலாற்றையெல்லாம் விஸ்தாரமாக எடுத்துரைத்து, அப்படி ஒன்று உண்டா என்று வினவியபோது, கடைக்காரர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “வயித்துக்குன்னா ஓமவாட்டர் இருக்கு சார். கசப்பா வேணும்னா நிலவேம்பு தர்றேன், காய்ச்சலுக்கும் கேக்கும்” என்றார்.

அந்தக் கணத்தில் எனக்கு உண்டான தெளிவை வார்த்தைகளால் விவரிப்பது கடினம். நிலவேம்புக் குடிநீர்ச் சூரணத்தில் நிலவேம்பு, வெட்டிவேர், விலாமிச்சை வேர், சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, சுக்கு, மிளகு, பற்படாகம் என்று ஒன்பது சரக்குகள். அவற்றில் ஒளிவு மறைவு கிடையாது, பொட்டலத்தின் மேலேயே அச்சிட்டிருக்கிறது. வெட்டிவேருக்குக் கடலூர்க் கடற்கரை மணலே போதும். டெங்குக் காய்ச்சல் பரவும் காலங்களில் அரசாங்கமே இதைக் கொதிக்கவைத்து, ஆரம்ப சுகாதார நிலையத்திலும் பேருந்து நிலையத்திலும் அண்டா அண்டாவாக வைத்து, வேண்டாம் என்பவர்களையும் விடாமல் ஊற்றிக் கொடுக்கிறது. 2003-ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து மதுவைச் சில்லறையாக விற்பதும் அதே அரசாங்கம். ஆக, சாராயத்தையும் கசப்பையும் தன் கையாலேயே விநியோகம் செய்கிற ஓர் அரசாங்கம், இரண்டையும் ஒரே கோப்பையில் சேர்க்கிற சிறு காரியத்தை மாத்திரம் குடிமக்களின் சுய முயற்சிக்கு விட்டுவைத்திருக்கிறது.

மருந்தும் மதுவும் கைகோத்து நடப்பது நமக்குப் புதிதும் அன்று. ராஜாஜி 1937-ல் சேலம் ஜில்லாவில் தொடங்கிவைத்த மதுவிலக்கு, 1948-ல் சென்னை மாகாணம் முழுவதற்கும் விரிந்து, 1971 வரையில் நிலவிய காலத்தில், தேக சௌக்கியத்துக்கு மது அவசியம் என்று வைத்தியர் எழுதிக் கொடுத்தால் பர்மிட் கிடைக்கும். எங்கள் குடும்பத்துப் பெரியவர் ஒருவர் அத்தகைய பர்மிட் வைத்திருந்தார். அதில் குறிப்பிட்டிருந்த வியாதியைத் தவிர வேறொரு வியாதியும் அவரை அண்டியதில்லை. அந்த ஒன்றையும் ஒருநாளும் குணமாகிவிடாதபடி, வருஷா வருஷம் பர்மிட் புதுப்பிக்கும் வரையில், அவர் கண்ணுங்கருத்துமாகக் காப்பாற்றி வந்தார். பர்மிட்டுக்கு வழியில்லாத ஏழைகள், மருந்துக்கடை இஞ்சிச் சாராயத்தைக் குடித்து அவதிப்பட்ட கதை வேறு. அதில் சிரிக்க ஒன்றும் இல்லை.

நிலவேம்பின் கசப்புக்கு மூலமான ஆண்ட்ரோகிராஃபோலைடு என்னும் பொருள் தண்ணீரில் அவ்வளவாகக் கரைவதில்லை, சாராயத்தில் அதைவிட நன்றாகக் கரையும். அதனால் கஷாயமாகக் காய்ச்சுவதைக் காட்டிலும், உலர்ந்த நிலவேம்பை வெட்டிவேரோடும் சுக்கோடும் சேர்த்து, சிறிய புட்டியில் விஸ்கியிலேயே சில நாள் ஊறவைத்து வடிகட்டுவது உத்தமம். அண்டாக் கஷாயம் முகத்தைச் சுளிக்கவைக்கும். இது முன்ஜென்மத்தையே ஞாபகப்படுத்தும். துளிக் கணக்கில் சேர்க்க வேண்டும் என்பதற்கு இதுவே காரணம். சர்க்கரைக்குப் பதில் உருண்டை வெல்லத்தைக் கரைத்துக் கல்மண் போக வடித்த பாகு. ஆரஞ்சுத் தோலுக்குப் பதில் எங்கள் கொல்லையில் காய்க்கும் நார்த்தங்காயின் தோல். மெல்லிய சீவலாகச் சீவிக் கோப்பைக்கு மேலே பிடித்து முறுக்கினால், தோலில் அடங்கியிருக்கும் தைலம் பொடித்தூறலாகப் பானத்தின் மேல் படிந்து, கூடம் முழுவதும் கமகமக்கும். தோலை இழந்து வெளிறிப்போய்க் கூடையில் கிடந்த நார்த்தங்காய்களைக் கண்ட என் மனைவி, “சுருள் சுருளா அரிஞ்சு உப்பு அடைக்கிறதே தோலுக்காகத்தான். அத உரிச்சிட்டா நான் எதுல உப்ப வைக்கிறது, உங்க தலையிலயா?” என்று வினவியது நியாயமான கேள்விதான் எனினும், விஞ்ஞானத்தின் முன்னேற்றத்துக்கு இடையூறானது.

ஐஸைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. பாஸ்டன் நகரத்துப் பிரெடெரிக் டியூடர் என்ற வியாபாரி, உறைந்த ஏரிகளை அறுத்து மரத்தூளில் பொதிந்து கப்பலேற்றி, 1833-ல் கல்கத்தாவுக்கு அனுப்பினார். சென்னைக் கடற்கரையில் அதற்காகவே 1842-ல் ஐஸ் ஹவுஸ் எழுந்தது. பின்னாளில், 1897-ல், விவேகானந்தர் தங்கியதால் அந்தக் கட்டடம் கடைத்தேறியது. இன்று நமக்கு வேண்டியதெல்லாம் குழம்புக் கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி உறையவைப்பதும், அதே பெட்டிக்குள் மீன் இல்லாமல் பார்த்துக்கொள்வதுமே.

கோப்பை விஷயத்தில் நான் மேல்நாட்டாரோடு அடியோடு மாறுபடுகிறேன். அவர்கள் கனத்த கண்ணாடிக் குவளையை விதிக்கிறார்கள். கூட்டுக்குடும்பத்தின் சூட்சுமங்களை அறியாத விதி அது. விருத்தாசலத்துப் பீங்கான் கோப்பை சுவர் தடித்தது, குளிர்ச்சியை எளிதில் விடாது. அதனினும் முக்கியமாக, உள்ளே இருப்பது என்னவென்று வெளியே தெரியாது. முன்னறிவிப்பின்றிச் சம்பந்தி வீட்டார் வந்து நின்றாலும், கடுங்காப்பி அருந்திக்கொண்டிருக்கும் ஒரு கிருகஸ்தனையே அவர்கள் காண்பார்கள். நாலைந்து கடை ஏறி இறங்கி, சூளையில் சற்றே கோணிக்கொண்ட கோப்பைகளைக் குறைந்த விலைக்கு வாங்கிவந்தேன். கோணல் பானத்தினால் உண்டானதா, பிறவியிலேயே உள்ளதா என்ற விவாதத்துக்கும் அவை இடம் கொடுக்கின்றன.

இப்படி உருவான பானத்தை ரசிக்க, என் மைத்துனரையும் பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற தமிழாசிரியரையும் அழைத்திருந்தேன். மது என்பது நின்றவாறே ஒரே மூச்சில் உள்ளே தள்ளிவிட்டு, ஊறுகாயைத் தொட்டு நாக்கில் வைத்துக்கொண்டு, ஒரு குற்றத்தைச் செய்து முடித்த அவசரத்தோடு இடத்தைக் காலி செய்ய வேண்டிய காரியம் என்ற கொள்கையில் வளர்ந்தவர் என் மைத்துனர். கோப்பைக்குள் எட்டிப் பார்த்து, “சோடா எங்க மாமா?” என்றார். சோடா கிடையாது, ஐஸ் கரையக் கரைய மெள்ள மெள்ளப் பருக வேண்டும் என்று நான் விளக்கிக்கொண்டிருக்கும்போதே காலிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, கண்களை இறுக மூடி, சற்று நேரம் மௌனமாக இருந்து, “டெங்கு வராதுல்ல?” என்று கேட்டார். தமிழாசிரியர் அப்படியல்லர். பண்ருட்டி முந்திரிப்பருப்பு ஒன்றும் பானத்தில் ஒரு துளியுமாக முறைவைத்துச் சுவைத்து, முதலில் இனிப்பு, நடுவில் நெருப்பு, முடிவில் கசப்பு என்று வரிசைப்படுத்தி, இது பானம் அன்று, பத்தியம் என்று தீர்ப்பளித்தார். தீர்ப்பளித்துவிட்டு இன்னொரு கோப்பை கேட்டார்.

அன்றிரவு என் மனைவி, மிஞ்சிய வெல்லப் பாகைத் தண்ணீரில் கரைத்து, ஒரு சிட்டிகைச் சுக்கும் ஏலமும் பொடித்துப் போட்டு, எலுமிச்சை பிழிந்து, நார்த்தங்காய்ச் சீவல் ஒன்றையும் வேண்டுமென்றே மிதக்கவிட்டு எங்கள் முன்னால் கொண்டுவந்து வைத்தாள். ஸ்ரீராமநவமிக்குக் கோயிலில் கொடுக்கிற பானகமேதான். நான் இத்தனை சரித்திர ஆராய்ச்சி செய்து இயற்றிய கலவையிலிருந்து சாராயத்தையும் நிலவேம்பையும் நீக்கினால் மிஞ்சுவது இதுதான் என்பது அப்போதுதான் எல்லோருக்கும் விளங்கியது. என் மைத்துனர் அதையும் ஒரே மூச்சில் குடித்தார். ஆனால் இந்தத் தடவை கண்களை மூடவில்லை.

ஆயினும் என் பானத்தை நான் கைவிடுவதாக இல்லை. செய்துபார்க்க விரும்பும் அன்பர்களுக்கு அளவைச் சொல்லிவிடுகிறேன்: விஸ்கி அறுபது மில்லி, வெல்லப் பாகு ஒரு தேக்கரண்டி, நிலவேம்புச் சாரம் இரண்டே துளி, நார்த்தங்காய்த் தோல் ஒரு சீவல். இருபத்தொரு வயது நிரம்பியிருக்க வேண்டும் என்பது சட்டம். வேறு மருந்து சாப்பிடுகிறவர்களும், இரவில் வண்டி ஓட்ட வேண்டியவர்களும் பானகத்தோடு நின்றுகொள்ளட்டும். நார்த்தங்காயை மாத்திரம், தோலைச் சீவுவதற்கு முன்னால், வீட்டு அம்மாளிடம் கேட்டு எடுத்துக்கொள்ளுங்கள்.