பெருத்த டயரும் படுவான்கரைச் சேறும்

கேள்வி: என்ர கெப் வாகனத்தின் கம்பனி றிம்மிலேயே 265/65 ஆர்17 டயரைக் கழற்றிவிட்டு 285/70 போட்டால், மாரியில் வயல் பாதையில் புதையாமல் ஓடலாமா?
– ஒரு வாசகர், கொக்கட்டிச்சோலை

பதில்: டயரின் விட்டம் 776 மில்லிமீற்றரிலிருந்து 831 ஆகும். வண்டி உயர்வதோ அதில் பாதி, 27 மில்லிமீற்றர்தான். மாரி வெள்ளத்துக்கு அது கணுக்காலளவும் காணாது! ஸ்பீடோமீற்றர் 100 காட்ட, நீங்கள் 107இல் பறப்பீர்கள். "டயர் பெருத்துப்போச்சு ஐயா" என்றால் பொலிஸ்காரர் விடுவாரா? ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தால் மட்காட்டிலும் உரசக்கூடும். 265/70 போதும்: 13 மில்லிமீற்றர் உயர்வு, வேகக் கணக்கில் 3 வீதத்துக்குச் சற்று மேலான பிசகு. சேற்றில் காப்பாற்றுவது உயரமல்ல, டயரின் ஆழமான வெட்டு. படுவான்கரையிலிருந்து மட்டக்களப்பு வாவியைக் கடக்க 2014இல் திறந்த மண்முனைப் பாலம் இருக்கிறது. டயரைப் பெருப்பித்துக் கெப்பைத் தோணியாக்க வேண்டாம்!