நாளைக்கு ஜெயில்: இன்றைய பொழுதைப் பாழாக்க ஏழு பாடங்கள்

ஸ்பைக் லீயின் ‘25த் ஹவர்’ (2002) பார்த்திருக்கிறீர்களா? பார்க்காவிட்டாலும் குறையில்லை. அதில் எட்வர்ட் நார்ட்டன் ஒரே நாளில் செய்வதை நீங்கள் வருடக்கணக்கில் செய்துவருகிறீர்கள். அவர்தான் மான்ட்டி, நியூயார்க்கில் போதைப்பொருள் விற்றவர். விடிந்தால் ஏழு வருடச் சிறை. வருடத்துக்கு ஒரு பாடம், குறித்துக்கொள்ளுங்கள்.

1. சரக்கை வீட்டிலேயே வையுங்கள். சோபா மெத்தைக்குள் என்றால் உத்தமம். சோதனைக்கு வந்த அதிகாரி அதில் உட்கார்ந்து, உறுத்துகிறதே என்று நெளிவார். முகம் மாறாமல் நில்லுங்கள்.

2. பிடிபட்டதும், காட்டிக்கொடுத்தது யார் என்று குடையுங்கள். காதலி பக்கத்திலேயே இருக்கிறாள், வசதி. ஆதாரம் எதற்கு? விற்றது யார் என்ற கேள்வியை மட்டும் அண்டவிடாதீர்கள்.

3. அந்தக் காசில் அப்பாவின் மதுக்கடையைக் காப்பாற்றுங்கள். தீயணைப்பு வீரராக இருந்த மனிதர்தான், ஆனாலும் காசு ஏது என்று குடைய மாட்டார். அப்படி அப்பா அமைவது வரம்.

4. நண்பன் சிறைக்குப் போகிறானா? மான்ட்டியின் நண்பன் ஃபிராங்கைப் போல, இரட்டைக் கோபுரம் இருந்த பள்ளத்தை ஜன்னல் வழியே பார்த்தபடி, “அவனுக்கு நல்லா வேணும்” என்று இன்னொரு நண்பனிடம் சொல்லுங்கள். இத்தனை வருடம் தெரிந்தும் வாய் திறக்காததை மறந்துவிடுங்கள்.

5. அப்பா கடைக் கழிப்பறைக் கண்ணாடி முன் நின்று ஊரையே திட்டுங்கள். டாக்ஸி ஓட்டும் சீக்கியர், கொரிய மளிகைக்காரர், வால் ஸ்ட்ரீட் தரகர், பின்லேடன், நண்பர்கள், காதலி, அப்பா என்று ஒருவரையும் விடாதீர்கள். கடைசியில் ஓர் ஆள் மிச்சமிருப்பார். அவர் முறை வருமுன் விளக்கை அணைத்துவிடுங்கள். மான்ட்டி அணைக்கவில்லை, மாட்டிக்கொண்டார். கண்ணாடியில் எவனோ கிறுக்கிய வசவை விரலால் தேய்த்துப் பார்த்தார். போகவில்லை.

6. அழகான முகத்தோடு உள்ளே போகப் பயமா? அதைச் சிதைக்கும்படி உயிர்த்தோழனையே கேளுங்கள். முதலில் மறுப்பான், சீண்டுங்கள். நான்காம் பாடத்தில் உங்களிடம் சொல்லாமல் வைத்ததெல்லாம் கைவழியே வரும்.

7. சிறைக்குக் காரோட்டும் அப்பா, மேற்கே போய்விடலாம் என்பார். புதுப் பெயர், புது ஊர், பிள்ளைகுட்டிகள். வீங்கிய முகத்தைக் கார்க் கண்ணாடியில் சாய்த்து முழுக்கக் கேளுங்கள். மேற்கே போக ஒரு பாலம் ஏற வேண்டும். அது எப்போதோ பின்னால் போய்விட்டது. திரும்பிப் பார்க்காதீர்கள்.