நாய் பார்க்கும் படலம்

பழைய மகாபலிபுரம் சாலையை ஒட்டி எழும்பியிருக்கும் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் பிளாக்குக்கு ஒருவராவது இப்படி இருப்பார். வாசல் பலகையில் எந்தப் பெயர் இருந்தாலும் வாட்ச்மேனுக்கு அவர் 'ஹஸ்கி சார்'தான். மென்பொருள் உத்தியோகம். காலை ஒன்பதுக்குக் கிளம்பினால் இரவு ஒன்பதுக்குத்தான் வீடு. அவருடைய நடைப்பயிற்சி லிஃப்டில் தொடங்கிக் கார் கதவில் முடிந்துவிடும். ஓநாய்கள் வரும் ஒரு வெளிநாட்டுத் தொடரை விடிய விடியப் பார்த்து முடித்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, "என் பர்சனாலிட்டிக்கு இந்த மாதிரி நாய்தான் செட் ஆகும்" என்று வீட்டில் அறிவித்தார்.

அதற்குப் பிறகு நடந்தது பெண் பார்க்கும் படலத்துக்குச் சற்றும் குறையாதது. கென்னல் கிளப் சான்றிதழ் உண்டா, மூன்று தலைமுறை வம்சாவளி சுத்தமா, கண் நீலமா, இரண்டு கண்ணும் நீலமா என்று துருவித் துருவி விசாரித்தார். இந்த நாயின் முன்னோர்கள் என்ன வேலை பார்த்தார்கள் என்று மட்டும் கேட்கவில்லை.

கேட்டிருக்கலாம். சைபீரியாவின் வடகிழக்கு மூலையில் சுக்சி இன மக்கள் பனியில் வண்டி இழுக்க வளர்த்த நாய் ஹஸ்கி. 1925 ஜனவரியில் அலாஸ்காவின் நோம் நகரில் தொண்டை அடைப்பான் நோய் பரவியபோது, இந்த மாதிரி வண்டி நாய்கள்தான் மாற்றி மாற்றி இழுத்து, ஏறத்தாழ 1,085 கிலோமீட்டர் தூரத்தை ஆறு நாளுக்குள் கடந்து மருந்தைக் கொண்டுசேர்த்தன. கடைசிக் கட்டத்தை ஓடிய பால்டோ என்ற நாய்க்கு அதே ஆண்டு நியூயார்க் சென்ட்ரல் பூங்காவில் சிலை வைத்தார்கள். உண்மையில் அதிக தூரமும் ஆபத்தான பாதையும் ஓடியது டோகோ என்ற நாய். உழைப்பு ஒருவருக்கு, சிலை இன்னொருவருக்கு என்பது நாய் உலகிலும் உண்டு போலும்.

அந்தப் பரம்பரையில் வந்த பிள்ளைக்கு இங்கே கிடைத்தது பன்னிரண்டாவது மாடியில் ஆறடிக்கு நாலடி பால்கனி. ஓட வேண்டிய கால்கள் சோபாவைத் தோண்டின. மெத்தை தீர்ந்ததும் ஷூ ரேக்குக்கு மாறின. நாய்க்கு உள்ளங்காலில் தவிர வேறெங்கும் பெரிதாக வியர்க்காது. நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைத்துத்தான் அது சூட்டைத் தணித்துக்கொள்ள வேண்டும். மேலே இரண்டு அடுக்கு ரோமம். சித்திரை வெயிலில் இரவு பகலாக ஏ.சி. ஓடியது. மின்கட்டணத்தைப் பார்த்த அன்று ஹஸ்கி சாருக்கும் மூச்சிரைத்தது. சம்மர் கட் என்று மொட்டையடிக்கக் கிளம்பியவரைக் கால்நடை மருத்துவர் தடுத்தார். அந்த ரோமம் குளிரைப் போலவே வெயிலையும் தடுக்கும். சிரைத்தால் தோல் நேரடியாக வெந்துபோகும்.

வீட்டில் நிஜமான கலவரம் அம்மா ஊரிலிருந்து வந்தபோதுதான். ஹஸ்கிகள் அவ்வளவாகக் குரைப்பதில்லை, ஊளையிடும். விளக்கு வைக்கிற நேரத்தில் அது கழுத்தை உயர்த்தி ஒரு இழுப்பு இழுத்ததும், "டேய், காசு கொடுத்து வாங்கின நாய் எதுக்குடா இப்படி அபசகுனமா அழுவுது? பக்கத்து வீட்டுல பெரியவர் சௌக்கியமாத்தானே இருக்கார்?" என்றார். பெரியவர் சௌக்கியம். புகார்க் கடிதமே எழுதிவிட்டார், அவ்வளவு சௌக்கியம். காவலுக்காவது ஆகுமா என்றால், முன்பின் தெரியாத கூரியர் பையனைக் கட்டித் தழுவி வரவேற்பதுதான் இந்த இனத்தின் சுபாவம்.

ஹஸ்கி சாருக்கு முன்பும் இந்த வகையறா உண்டு. 2003-ல் ஒரு செல்போன் விளம்பரத்தில் சிறுவன் பின்னாலேயே பக் நாய் ஓடியதும், ஊரெங்கும் பக் வாங்கினார்கள். சீன அரண்மனைகளில் மடியில் உட்கார்ந்திருந்த இனம். சப்பை மூக்கால் நம் வெயிலில் மூச்சு விடவே திணறும். எதிர் பிளாக்கில் லாப்ரடார் வைத்திருப்பவர், "பாவம், பசிக்குதாம்" என்று முறுக்கு போட்டுக்கொண்டே இருக்கிறார். பல லாப்ரடார்களில் பசியை அடக்கும் மரபணு ஒன்று பழுதுபட்டிருப்பதை கேம்பிரிட்ஜ் விஞ்ஞானிகள் 2016-லேயே கண்டுபிடித்துவிட்டார்கள். முறுக்கு டப்பா காலியானாலும் அதன் பசி காலியாகாது.

2017 ஜல்லிக்கட்டுப் போராட்டத்துக்குப் பின் நாட்டு இனங்களுக்கு வந்த மவுசைப் பார்த்து, ராஜபாளையம் வாங்கலாமா என்றும் யோசித்தார் நம்மவர். 2005-ல் அஞ்சல் தலையில் இடம்பெற்ற கம்பீரம்தான், சந்தேகமில்லை. ஆனால் அது பன்றி வேட்டைக்குப் போன நாய். சிப்பிப்பாறை முயல் துரத்திய நாய். மண் நம்முடையது என்பதால் பால்கனி பெரிதாகிவிடாது.

அதே கட்டடத்தின் மூன்றாவது மாடியில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் தெருவில் கிடந்த குட்டியை எடுத்து வளர்க்கிறார். அதற்கு வம்சாவளியும் கிடையாது, ஏ.சி.யும் கிடையாது. காலையும் மாலையும் முக்கால் மணி நேரம் இருவரும் நடக்கிறார்கள். இந்த ஊர் வெயிலிலேயே தலைமுறை தலைமுறையாகத் தேறி வந்த உடம்பு அது. ஹஸ்கி சார் லிஃப்டில் அதைப் பார்த்துக் கேட்டது, "இது என்ன பிரீட் மேடம்?"

ஹஸ்கி இப்போது கொடைக்கானலில் உறவினர் வீட்டில் சுகமாக இருக்கிறது. சார் அடுத்து செயின்ட் பெர்னார்டு விலை விசாரிப்பதாகத் தகவல். சுமார் 2,469 மீட்டர் உயர ஆல்ப்ஸ் கணவாயில், பனியில் புதைந்தவர்களைத் தேடிய நாய். எடை 60 கிலோவைச் சாதாரணமாகத் தாண்டும். அவர் பிளாக்கில் குடியிருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால், அவர் அட்வான்ஸ் கொடுப்பதற்குள் வேளச்சேரி புளூ கிராஸ் விலங்குக் காப்பகத்துப் பக்கம் ஒருமுறை கூட்டிக்கொண்டு போங்கள். அதற்கும் முன்னால், ஒரு மாதம் தினமும் காலை ஆறு மணிக்கு அவரைத் தனியாக நடக்கவிட்டுப் பாருங்கள்.