அப்பன் வச்சுட்டுப் போன சொத்து

ஏன் மருமவனே, பதுளைக்குப் போய்க் கழுத்துல ஸ்கேன் எடுத்தியாமே? பசறை பஸ் முழுக்க உன் பேச்சுதான். நெஞ்சு வருத்தத்துக்குக் கழுத்தை ஏன்டா பாக்குறாங்கன்னு ஒருத்தன் கேட்டதுக்கு முழிச்சியாமே.

கேட்டுக்க. மூளைக்கு ரத்தம் ஏத்துற குழாய் கழுத்துல மேலாகவே ஓடுது. நெஞ்சுக்குள்ள ஒளிஞ்சு கெடக்குற இருதயக் குழாயைவிட இதைப் பாக்குறது லேசு; இங்க தடிச்சிருந்தா அங்கயும் தடிச்சிருக்கலாம். பசையைத் தடவிக் கருவியை வச்சா, குழாய்ச் சுவர் திரையில ரெண்டு கோடாத் தெரியும். அந்த ரெண்டுக்கும் இடையில உள்ள தடிப்பைத்தான் அளக்குறாங்க. 1986ல மிலான் நகரத்து ஆளுங்க காட்டிக் குடுத்த வழி. ஊசியுமில்ல, எக்ஸ்ரே கதிருமில்ல. ஐரோப்பாக்காரன் கணக்குல 0.9 மில்லிமீட்டர் தாண்டினா தடிப்பு. கொழுந்து நிறுக்கயில கிலோக் கணக்குல வெட்டினப்ப வாயே திறக்காத ஆளு, ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத கோட்டுக்கு ஊரைக் கூட்டுறியே!

ரிப்போட் நல்லாயிருக்குன்னதும் கொலஸ்ட்ரோல் குளிசையை நிப்பாட்டிட்டுக் கொத்து ரொட்டிக் கடைக்குள்ள பூந்தியாமே. அடேய், கோடு மெல்லிசுன்னா இன்னும் தடிக்கலன்னு மட்டுந்தான் அர்த்தம். ரத்தத்துல இருக்குற கொலஸ்ட்ரோல் லீவு போட்டுப் போயிடல. இந்தத் தடிப்பை எல்லாருக்கும் வழக்கமா அளக்க வேணாம்னு அமெரிக்க இருதய டாக்டர்மாரே 2013ல சொல்லிட்டாங்க. ரத்த ரிப்போட், பிரஷர், சீனி வருத்தம், பீடி, குடும்பத்து வரலாறு எல்லாத்தையும் சேத்துத்தான் முடிவெடுக்கணும்.

குடும்பம்னதும் தலையைச் சொறியாத. 200 வருஷம் இந்த மலையில பாடுபட்டும் 7 பேர்ச் காணிக்கு இன்னும் அலையுறோம், லயக் காம்பராவுக்கும் உறுதி கெடையாது. ஆனா ஒங்கப்பன் நாப்பது வயசுல நெஞ்சைப் புடிச்சிக்கிட்டுப் போனானே, அவன் கொழுப்பு மட்டும் உறுதி எழுதாமலே ஒன் பேருக்கு மாறிட்ட மாதிரி தெரியுது. அது பரம்பரைக் கொழுப்புதான்னா, ஒம் மகனுக்கும் பாதிக்குப் பாதி பங்கு உண்டு.

நெதர்லாந்துல அப்படிப்பட்ட பிள்ளைங்களுக்குச் சின்னதுலயே குளிசை குடுத்து 20 வருஷம் பாத்து, 2019ல எழுதினாங்க. கழுத்துக் கோடு, அந்தக் கொழுப்பில்லாத கூடப்பொறந்தவங்களுக்குத் தடிக்கிற வேகத்துலதான் தடிச்சுது. 39 வயசுக்குள்ள இருதய வருத்தம் வந்தது நூத்துக்கு ஒருத்தருக்கு. அதே கொழுப்பிருந்த தாய் தகப்பன்மாருல நூத்துக்கு 26 பேருக்கு.

அதனால, ஸ்கேன் படத்தைக் கொண்டுபோய்ச் சாமி படத்துக்குப் பக்கத்துல மாட்டாத. குளிசையை மறுபடி போடு, மகனைக் கூட்டிக்கிட்டு ரத்தம் பாக்கப் போ. கொத்து ரொட்டிக் காசு பஸ்ஸுக்குச் சரியாப் போயிரும்.