சுவர்முட்டியல்: ஓர் உரை

இவ்வியல் என் நுதலிற்றோ எனின், பழைய திகில் கேமில் நடைப்பிணத்தைக் கண்டு ஓடப் புறப்பட்டவன் சுவரில் முட்டி நிற்கும் காரணம் ஆராய்தல் நுதலிற்று. ஆய்வுக்களம், ஷின்ஜி மிகாமி இயக்கி 1996இல் கேப்காம் வெளியிட்ட ‘ரெசிடென்ட் ஈவில்’.

விதி வருமாறு: மேல் பொத்தானை அழுத்தினால் பாத்திரம் தன் மூக்கு நோக்கும் திசையில் நடக்கும், திரையின் மேற்புறம் எது என்று அதற்குக் கவலையில்லை. இடமோ வலமோ அழுத்தினால் நின்ற இடத்திலேயே சுழலும். இதை டேங்க் கண்ட்ரோல் என்பர்.

சாப்பாட்டு அறையை அடுத்த நடைவழியில் முதல் ஜாம்பி குனிந்து ஒருவரைத் தின்றுகொண்டிருக்கும். மெல்லத் தலையைத் திருப்பி நம்மைப் பார்க்கும். அப்போது நாம் ஆட்டுவிக்கும் பாத்திரமான ஜில் வேலன்டைன் திரையிலிருந்து நம்மை நோக்கி நிற்கிறார் என்று கொள்க. வலப்பக்கம் ஓடலாம் என்று வலது பொத்தானை அழுத்துகிறோம். அவரோ தம் வலப்பக்கம், அதாவது நம் இடப்பக்கம், நிதானமாகத் திரும்புகிறார். சந்துக்குள் லாரி திருப்புகிற நிதானம் அது. சுடலாம் என்று துப்பாக்கியை நீட்டினாலோ கால் நகராது. சுவர் முட்டல் இங்ஙனம் நிகழும்.

இது செய்தவர்களின் கைக்குறை என்பார் உளர். அது பொருந்தாது. என்னை? கேம் நடக்கும் மாளிகையின் அறைகள் முன்பே தீட்டி வைத்த படங்கள், கேமரா அசையாது. நாலடி வைத்தால் காட்சி சட்டென மாறி, எதிர்ச் சுவரிலிருந்து பார்க்கும். திரையை ஒட்டித் திசை வைத்திருந்தால், மாறிய கணமே முன்னே ஓடியவர் பின்னே ஓடிப் பிணத்தின் மடியில் விழுவார். டேங்க் கண்ட்ரோலிலோ அழுத்திய விரலை எடுக்காமலே போய்க்கொண்டிருக்கலாம். பிரெஞ்சுக்காரர்கள் 1992லேயே ‘அலோன் இன் த டார்க்’கில் கண்ட வழிதான். அன்றைய பிளேஸ்டேஷன் கண்ட்ரோலரில் அனலாக் குச்சியும் கிடையாது.

இனி உண்மைக் காரணம். ஜாம்பி நடப்பது ஆமை வேகம். நன்றாகத் திரும்பத் தெரிந்தவனை அது என்ன செய்துவிடும்? ஆகவே ஆடுபவரையும் திரும்புவதில் மந்தமாக்கினார்கள். போதாக்குறைக்கு, டைப்ரைட்டர் ரிப்பன் கையிலிருந்தால்தான் சேவ் செய்யலாம் என்றும் வைத்தார்கள். கஞ்சத்தனத்தில் இப்படியொரு கலைநயம் அரிது.

சான்று வேண்டுமெனின், 2015இல் வந்த எச்டி பதிப்பைக் காண்க. குச்சி சாய்த்த திசையில் ஓடும் வசதி அதில் உண்டு. அதே நடைவழியில் சுற்றிக்கொண்டு ஓடிவிடலாம். கைநீட்டி நிற்கும் ஜாம்பியைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது.

புறனடை: ஜன்னலை உடைத்துக்கொண்டு பாயும் நாய்களுக்கு இவ்வியல் பொருந்தாது. அவை எந்தக் கண்ட்ரோலிலும் கடிக்கும்.