கிறிஸ்துமஸ் தாத்தாவின் கடற்கரை

கேள்வி: துருக்கியின் அந்தால்யா கடற்கரைக்குப் பிள்ளைகளோடு முதன்முறையாகப் போகிறோம். சாப்பாடு, நீச்சல் குளம், விளையாட்டு எல்லாம் விடுதிக் கட்டணத்திலேயே சேர்ந்துவிடுகின்றனவாம். பிறகு வெளியே காலெடுத்து வைக்கத்தான் வேண்டுமா?

பதில்: கிறிஸ்துமஸ் தாத்தாவின் ஊருக்கு அவ்வளவு அருகில் போய்விட்டு அதைக் காட்டாமல் அழைத்து வந்தால் பிள்ளைகள் உங்களை மன்னிப்பார்களா? பனிப்பிரதேசத்துக் கிழவராக உலகம் வரித்துக்கொண்ட புனித நிக்கொலஸ், உண்மையில் நான்காம் நூற்றாண்டில், அதே கரையோரமாக மேற்கே, இன்று தெம்ரே என வழங்கும் பிரதேசத்திலிருந்த மைரா நகரத்தில் மேற்றிராணியாராக விளங்கியவர். அவர் பெயரால் எழுந்த புராதன தேவாலயத்தையும், பக்கத்து மலைச்சரிவில் வீட்டு முகப்பைப் போலவே பாறையில் குடைந்த கல்லறைகளையும் இன்றும் காணலாம். ஒரு பகலை அதற்கென ஒதுக்குங்கள்.

விடுதியை நிச்சயிக்குமுன் கரை மணலா, கல்லா என்றும் அவசியம் விசாரியுங்கள். அந்தால்யா நகரின் மேற்கேயுள்ள கொன்யால்தி கரை நெடுகிலும் கூழாங்கல். கோடை வெயிலில் அது காய்ந்திருக்கும்போது வெறுங்காலோடு நீரை நோக்கி ஓடும் குழந்தை பாதி வழியிலேயே நின்று அழும். கிழக்கேயுள்ள லாராவோ மணற்கரை. சிறு குழந்தைகள் இருந்தால் லாரா பக்கமே அறை எடுங்கள்.