குட்டியானைக்கு எத்தனை சி.சி.?

புது பிக்கப் வண்டி வாங்கப் போகிறவர் முதலில் செய்ய வேண்டியது, அதில் எதை ஏற்றப் போகிறோம் என்பதை மறந்துவிடுவது. அது ஞாபகத்தில் இருந்தால் எஞ்சின் அளவைப் பற்றி உருப்படியாக ஒரு சண்டைகூடப் போட முடியாது. கால் மணி நேரத்தில் முடிவெடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட வேண்டியிருக்கும்.

இந்த முறையை நான் கற்றது என் தாய்மாமாவிடம். ஒட்டன்சத்திரம் பக்கம் தக்காளியும் முருங்கையும் போடுகிறவர். தோட்டத்திலிருந்து மார்க்கெட் ஒன்பது கிலோமீட்டர். வழியில் மேடு என்று சொல்ல ஒரு வாய்க்கால் பாலம் இருந்தது. அதையும் ரோடு போட்டுப் போட்டுச் சமமாக்கிவிட்டார்கள். பதினைந்து வருடமாக வாடகைக் குட்டியானையில் காய் அனுப்பிக்கொண்டிருந்தவர், போன வருடம் சொந்தமாக வண்டி எடுக்கத் தீர்மானித்தார். அன்றிலிருந்து அந்த வாய்க்கால் பாலம் எங்கள் குடும்பப் பேச்சில் கொடைக்கானல் மலை அளவுக்கு வளர்ந்துவிட்டது.

முதல் படி, டீக்கடை. வண்டி வாங்கப் போகிறேன் என்று அங்கே சொன்னதும் வருகிற முதல் கேள்வி, ‘எத்தன சி.சி.?’ என்பதுதான். ‘என்ன லோடு?’ என்று யாராவது கேட்டால் அவர் வெளியூர்க்காரர். சவுதியில் பிக்கப் ஓட்டிவிட்டு வந்த அண்ணன் ஒருவர் எல்லா ஊர் டீக்கடையிலும் உட்கார்ந்திருப்பார். “அங்கெல்லாம் நாலாயிரம் சி.சி. மாமா. மிதிச்சா ஒட்டகமே ஒதுங்கும்” என்பார். ஒட்டகம் ஒதுங்குவதற்கும் தக்காளிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கக் கூடாது. அங்கே பெட்ரோல் என்ன விலை என்றும் கேட்கக் கூடாது. அமெரிக்காவில் 1977-லிருந்து ஃபோர்டு எஃப் வரிசைதான் அதிகம் விற்கிற பிக்கப், 2.7 லிட்டர் போதுமா, 5 லிட்டர் வேண்டுமா என்று அந்த ஊர் மாமாக்களும் அடித்துக்கொள்ளத்தான் செய்கிறார்கள். டீக்குப் பதில் காபி, அவ்வளவுதான் வித்தியாசம்.

இரண்டாம் படி, சி.சி. என்றால் என்ன என்று தெரிந்துகொள்ளாமல் இருப்பது. தெரிந்தால் ஏமாற்றமாகிவிடும். சிலிண்டருக்குள் பிஸ்டன் ஏறி இறங்குகிற இடத்தின் கொள்ளளவு. கன சென்டிமீட்டர் கணக்கு. படி, மரக்கால் மாதிரி அதுவும் ஓர் அளவு. மரக்கால் பெரிதாக இருந்தால் நெல் தானாக வந்து விழுந்துவிடுமா?

2005-இல் டாடா ஏஸ் வந்தபோது அதில் இருந்தது 702 சி.சி. டீசல் எஞ்சின், இரண்டே சிலிண்டர். இண்டிகா காரின் 1405 சி.சி. நாலு சிலிண்டர் எஞ்சினைப் பாதியாக்கிப் பார்த்தால் இந்தக் கணக்கு வந்துவிடும். ஒரு சிலிண்டருக்கு 351 சி.சி. பழைய புல்லட்டின் ஒற்றைச் சிலிண்டர் 346. ஆக, ரெண்டு புல்லட்டைச் சேர்த்துக் கட்டின அளவுக்கு ஓர் எஞ்சின், 16 குதிரைத்திறன், முக்கால் டன் சுமை. வடக்கே சோட்டா ஹாத்தி என்றார்கள், நாம் குட்டியானை என்றோம். பிறகு வந்த போட்டிக் கம்பெனி வண்டிகளையும் அதே பெயரில்தான் கூப்பிடுகிறோம். காய், தண்ணீர் கேன், சாமியானா, கல்யாண வீட்டுப் பாத்திரம், கட்சிக் கூட்டத்துக்கு ஆள் என்று இந்த 16 குதிரையும் இழுக்காத பொருள் கிடையாது. இதையெல்லாம் டீக்கடையில் சொன்னால் “அது சரி, மேடு ஏறணுமே?” என்பார்கள். மேட்டுக்குப் பிறகு வருகிறேன்.

மூன்றாம் படி வீட்டில் ஒரு வார்த்தை கேட்பது. இதைத் தாண்டிவிடலாம், எல்லோரும் தாண்டித்தான் போகிறார்கள். எங்கள் அத்தை அன்றைக்கே அடுப்படியிலிருந்து கேட்டார்: “அம்பது பொட்டி தக்காளிக்கு எதுக்குங்க அவ்வளவு பெரிய வண்டி?” யார் காதிலும் விழவில்லை. எங்கள் பக்கம் ஒரு பெட்டி 14 கிலோ. ஐம்பது பெட்டி 700 கிலோ. அத்தை மனக்கணக்கிலேயே முக்கால் டன்னுக்குள் முடித்துவிட்டார்.

நான்காம் படி ஒப்பிடுவது. எதை எதோடு ஒப்பிடக் கூடாதோ அதை அதோடு. மாமாவின் பங்காளியிடம் ஒரு மகிந்திரா 575 டிராக்டர் இருக்கிறது. 2730 சி.சி., 45 குதிரை. பக்கத்து வீட்டுத் தம்பியின் ஸ்விஃப்ட் காரோ 1197 சி.சி.தான், எண்பது குதிரைக்கு மேல் கொடுக்கிறது. எஞ்சின் அளவில் பாதிகூட இல்லாத கார் ஏறக்குறைய இரண்டு மடங்கு சக்தி காட்டுகிறது. ஆனால் கரும்பு ஏற்றிய டிரெய்லரை அந்தக் காரின் பின்னால் கட்டிப் பாருங்கள்! டிராக்டர் எஞ்சின் நிமிடத்துக்கு இரண்டாயிரம் சுற்றுக்குள்ளேயே முழு வேலையையும் செய்கிறது, அதன் கியர் அந்தத் திருகுவிசையைப் பல மடங்காக்கிச் சக்கரத்துக்கு அனுப்புகிறது. கார் ஆறாயிரம் சுற்று சுற்றினால்தான் அந்த எண்பது வரும். நம் ஆட்கள் ‘இழுவை’ என்று ஒற்றைச் சொல்லில் சொல்வது இந்த மொத்தச் சங்கதியையும்தான், அதில் சி.சி. ஒரு பங்கு, கியர் ஒரு பங்கு.

இன்னொன்றும் உண்டு. இசுசு வி-கிராஸ் 2016-இல் நம் நாட்டுக்கு வந்தபோது 2499 சி.சி., 134 குதிரை. பிறகு அதே வண்டிக்கு 1898 சி.சி. எஞ்சின் வைத்தார்கள். குதிரை 163 ஆகிவிட்டது. எஞ்சின் சுருங்கியது, சக்தி கூடியது. இதை மாமாவிடம் சொன்னபோது என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். “கம்பெனிக்காரன் ஆயிரம் சொல்லுவான் மாப்ள.”

ஐந்தாம் படி மலை. மேட்டுக்கு வந்துவிட்டேன். பூம்பாறைப் பூண்டோ மன்னவனூர் கேரட்டோ கீழே கொண்டுவருகிறவருக்கு மலை நிஜம். மற்றவர்கள் கற்பனை செய்துகொள்ள வேண்டும். பத்தடி போனால் ஓரடி ஏறுகிற சரிவு, மலைப்பாதையில் அது நல்ல ஏற்றம்தான். முழுச் சுமையோடு ஒன்றரை டன் எடையுள்ள அந்தப் பழைய 16 குதிரை வண்டியை அதில் ஏற்றினால் என்ன வேகம் கிடைக்கும்? கணக்குப் போட்டால் மணிக்குச் சுமார் 20 கிலோமீட்டர் வருகிறது. ஏறும். பின்னால் வருகிற பேருந்து ஓட்டுநர் நம் பரம்பரையை விசாரிப்பார், ஆனாலும் ஏறும். மேலே போகப் போகக் காற்று மெலிந்து, டர்போ இல்லாத எஞ்சின் மூச்சு வாங்கும். கொடைக்கானல் 2,100 மீட்டர் உயரம், அங்கே சேரும்போது ஐந்தில் ஒரு பங்கு சக்தி காணாமல் போயிருக்கும். டர்போ என்பது புகை போகிற வேகத்திலேயே ஒரு விசிறியைச் சுற்றவிட்டுக் காற்றை உள்ளே திணிக்கிற ஏற்பாடு. தினமும் மலை ஏறுகிறவர் சி.சி.யை விட்டுவிட்டு டர்போ உண்டா என்று கேட்கலாம். அவருக்குப் பெரிய எஞ்சின் வாங்கவும் நியாயம் இருக்கிறது. அவரை நான் கேலி செய்யவில்லை.

ஆனால் ஏறின வண்டி இறங்க வேண்டும். ஏறுவதற்குத்தான் எஞ்சின், இறங்குவதற்கு பிரேக்கும் கியரும். கல்லட்டி மலைப்பாதையில் 36 கொண்டை ஊசி வளைவு. ‘முதல், இரண்டாவது கியரில் மட்டும் இறங்கவும்’ என்று எழுதிப் போட்டிருப்பதற்குக் காரணம், எஞ்சினையே பிடிமானமாக வைத்து இறங்காவிட்டால் பிரேக் சூடேறிப் பிடிப்பு விட்டுப்போகும் என்பதுதான். இத்தனை வருடத்தில் எந்த டீக்கடையிலும் ‘பிரேக் என்ன சைஸ்?’ என்று ஒருவர் கேட்டு நான் பார்த்ததில்லை.

அடுத்தது ஆறாம் படியோ ஏழாம் படியோ, ஓவர்லோடு. சிமெண்டு மூட்டை 50 கிலோ. பதினைந்து மூட்டை ஏற்றினாலே முக்கால் டன் முடிந்தது. ஆனால் பதினைந்து மூட்டை அடுக்கின பிறகு பாடியைப் பாருங்கள், முக்கால்வாசி காலியாகத் தெரியும். அந்தக் காலியைப் பார்த்துக்கொண்டு நிற்க நம்மால் முடியாது. முருங்கைக்காய்க் கட்டு இதற்கு நேர்மாறு; மலை மாதிரி அடுக்கிக் கயிறு கட்டினாலும் எடை ஏறாது. எனவே வண்டியை முடிவு செய்ய வேண்டியது எடை மேடைச் சீட்டும் பாடியின் நீளமும். ஒன்றேகால் டன் தேவைப்பட்டால் அசோக் லேலண்ட் தோஸ்த், மூன்று சிலிண்டர், ஒன்றரை லிட்டர். ஒன்றரை டன் தாண்டினால் பொலிரோ பிக்கப், 2523 சி.சி. சுமைதான் எஞ்சினைத் தேர்ந்தெடுக்கிறது. நம்மிடம் கேட்பதே இல்லை. இதற்கு மேலும் ஏற்றுவேன் என்பவர்கள் ஸ்பிரிங்கில் கூடுதல் பட்டை சேர்ப்பார்கள். பட்டை சேர்த்தால் வண்டி தாழாமல் நிற்கும், பிரேக் அதே பழைய பிரேக்தான். 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி ஓவர்லோடுக்கு அபராதம் 20,000 ரூபாய், கூடுதல் டன்னுக்கு 2,000 வீதம் தனி. எந்த எஞ்சின் வாங்கினாலும் இதில் தள்ளுபடி இல்லை.

கடைசிப் படி ஷோரூம். டை கட்டிய தம்பி விலையைச் சொல்ல மாட்டார், டியூவைத்தான் சொல்வார். சின்ன எஞ்சினுக்கும் பெரிய எஞ்சினுக்கும் மாதத் தவணையில் உள்ள வித்தியாசத்தை ஒரு நாளுக்கு எத்தனை டீ என்று வகுத்துக் காட்டுவார். டீக்கடையில் ஆரம்பித்த காரியம் டீக்கணக்கில்தான் முடியும். மாமா பெரிய எஞ்சினே எடுத்தார். எந்தக் கம்பெனி என்பது வேண்டாம். எலுமிச்சம்பழத்தை நசுக்கி, பூசணிக்காய் உடைத்து, வண்டியைப் பார்க்க ஊரே வந்தது. சவுதி அண்ணன் சக்கரத்தைக் காலால் தட்டிப் பார்த்துவிட்டு “இப்பதான் வண்டி” என்றார்.

மூன்றாவது மாதம் ஒரு விளக்கு எரிந்தது. பி.எஸ். 6 டீசல் வண்டிகளில் புகைக்கரியைப் பிடித்துவைக்க ஒரு வடிகட்டி இருக்கிறது. எஞ்சின் நன்றாகச் சூடேறி நீண்ட நேரம் ஓடினால்தான் அந்தக் கரி எரிந்து வடிகட்டி சுத்தமாகும். ஒன்பது கிலோமீட்டரில் அந்தப் பெரிய எஞ்சினுக்குத் தூக்கமே கலைவதில்லை. “ஹைவேல ஒரு ஓட்டு ஓட்டிட்டு வாங்க சார், சரியாயிடும்” என்றார்கள் சர்வீஸில். சர்க்கரை வியாதிக்காரரை நடக்கச் சொன்ன மாதிரி. அதனால் மாமா இப்போது காலி வண்டியை எடுத்துக்கொண்டு பழனி வரை போய்த் திரும்புகிறார். மாதம் இரண்டு தரம் முருகனைப் பார்த்துவிடுகிறார். மனசுக்கு நிம்மதியாக இருக்கிறதாம்.

தக்காளி பழையபடி வாடகைக் குட்டியானையில்தான் மார்க்கெட் போகிறது. பெட்டி உரசிப் புது வண்டியின் பெயிண்ட் போய்விடும் என்று மாமா ஏற்ற விடுவதில்லை. போன் போட்டுக் குட்டியானையை வரச் சொல்வது அத்தை.

வாசகர்களில் யாருக்காவது பெரிய எஞ்சின் பிக்கப் வேண்டுமென்றால் ஒட்டன்சத்திரம் பக்கம் ஒன்று கைமாற இருக்கிறது. ஒரே ஓனர், ஓட்டம் குறைவு, பாடியில் ஒரு கீறல்கூடக் கிடையாது.